எல்லைக்கு வெளியே நின்ற கப்பல்

தனக்கென்று நியமிக்கப்பட்ட தீயணைப்பாளர் “வருவேன்” என்று தன் வாயால் சொல்லாமல், எந்த எண்ணெய்க் கப்பலும் துறைமுக எல்லைக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். அவர் இருபது நிமிடத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும்.

நாளை வரவேண்டிய கப்பல் இன்றே வந்துவிட்டது. மணப்பாடு கோயில் வாசலில் மகள் டெல்சியின் வெள்ளைக் கவுனைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் கைப்பட்டை பேசியது.

“கேப்டன் சுலைமான் பேசுதேன். எங்க கப்பல்ல தீப்பிடிச்சா வருவியளா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“வந்துசேர ஒரு மணி நேரம் ஆவும், சார். எம் மவளுக்குப் புதுநன்மை. இப்பவே கெளம்பிருதேன்.”

“பூசை எப்ப முடியும்?”

“பத்தரைக்கு.”

“அப்ப நாங்க வெளியவே நிக்கோம்.”

“கம்பெனில ஏசுவாங்களே, சார்.”

“ஏசட்டும். நீங்க பிள்ளையப் பாருங்க.”

முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கியதும் கேட்பதை ஆண்டவர் தட்டமாட்டார் என்பார்கள். சைக்கிள் கேட்கப்போவதாக டெல்சி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் மகளை இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடியபடியே ஜெசிந்தா கேட்டாள்: “ஏட்டி, சைக்கிள் கேட்டியா?”

“இல்லம்மா. நீ போய்ச் சேருத வரைக்கும் அந்த மாமா கப்பல்ல தீப்பிடிக்கக் கூடாதுன்னு கேட்டேன்.”