தான்சானியா போகும் பெண்

“மூணு மாசம் தான்சானியா. சம்பளம் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், மாமி,” என்றாள் ஸ்னேகா, காபித் தட்டை நீட்டியபடி.

அன்னம் எடுத்த டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டாள். பக்கத்தில் அவள் தம்பி ஜெய்ராம் மட்டும் நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். டாக்குரியாவிலிருந்து லேக் மார்க்கெட்டில் உள்ள ஸ்னேகாவின் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

அங்கே போய் என்ன வேலை என்று அன்னம் கேட்க, ஸ்னேகா விளக்கினாள். சின்ன ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று அங்குள்ள இளம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சொல்லித்தர வேண்டும். ஜனவரியில் வகுப்பு ஆரம்பம்.

“கல்யாணம் ஆன கையோட ஆப்பிரிக்காவா? ஒரு வருஷம் தள்ளிப்போடக் கூடாதா?”

“அது மட்டும் முடியாது, மாமி.”

போன மாதம் ஜாதவ்பூரிலிருந்து வந்த சம்பந்தம் இதே பேச்சில்தான் முறிந்தது. கல்யாணத்துக்காகப் பயணத்தை விடுவதில்லை என்று அன்றைக்கே வீட்டில் முடிவெடுத்தாகிவிட்டது. ஆனால் ஜெய்ராமை ஸ்னேகாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிருந்தது. இவரும் எழுந்து போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“எல்லாத்தையும் நீயே பேசறே. கெட்டிக்காரிதான்,” என்று பெருமூச்சு விட்டாள் அன்னம். “ஆனா எங்காத்துக்கு வரவ தலைப்பொங்கலுக்கே ஆத்துல இல்லேன்னா எப்படிம்மா? ஜெய்ராம், கிளம்பலாமா?”

ஜெய்ராம் எழுந்தார். வாசல் பக்கம் போகாமல் ஸ்னேகாவிடம் திரும்பினார்.

“அங்க அரிசி, பருப்பெல்லாம் கிடைக்குமா, ஸ்னேகா?”

“கிடைக்கும்.”

“அப்ப டிக் ஆச்சே, எல்லாம் சரியாப் போச்சு. எனக்கும் ஒரு டிக்கெட் போடு. சாம்பார் நன்னாவே வைப்பேன். வகுப்பு முடிஞ்சு வரச்சே சாதம் சூடா இருக்கும்.” அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “இந்த வருஷம் பொங்கல் அங்கேயே பொங்கட்டுமே, அக்கா.”

அன்னம் தம்பியை முறைத்தாள். முறைப்பு நீடிக்கவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“சரி, பெண்ணை வரச் சொல்லு.”

ஸ்னேகா சமையலறைக்குள் ஓடினாள். அங்கே அழுகையும் சிரிப்புமாக நின்றிருந்த அம்மா டாக்டர் ராஜலக்ஷ்மியின் நரைத்த கூந்தலில், அப்பா போனபின் முதல்முறையாக மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு, “வாம்மா, மாப்பிள்ளை காத்துண்டிருக்கார்” என்றாள்.