மறுபடியார்

“மறுபடி ஒரு தடவை சொல்லுங்க.”

நிதி இயக்குநரான அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்தப் பெரிய மின்சாரக் கம்பெனியின் இயக்குநர் கூட்டத்தில் இப்படிக் கேட்கிறவர் ஒருவர்தான். கேட்டுக் கேட்டே மற்ற இயக்குநர்களிடம் ‘மறுபடியார்’ என்று பட்டம் வாங்கியவர்.

ஒன்றும் தெரியாதவர் கேட்டால் பரவாயில்லை. இவர் ஆயுள் முழுக்க ஒரு வங்கியைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அப்பேர்ப்பட்டவர், “டாலர்ல கடன் வாங்கினா டாலராவேதான் திருப்பிக் கட்டணுமா?” என்று பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். புது மின் நிலையத்துக்கு டாலரில் கடன், விற்கிற மின்சாரத்துக்கு உள்ளூர்க் காசு, டாலர் விலை ஏறினால் கட்டவேண்டியதும் ஏறும். அவ்வளவுதான், கம்பெனித் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ நாளைக்கு டாலர் ஏறினா நாம கவிழ்ந்துடுவோமே? வேற வழி யோசிச்சுட்டு வாங்க மேடம்.”

பல மாத உழைப்பு ஒரு அசட்டுக் கேள்வியில் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் நிதி இயக்குநர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டு அலுத்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம் நடத்தியே பாதி நேரம் போகிறதாம். பதவிக்காலம் முடியப்போகிறது, நீட்டிக்காமல் விட்டுவிடலாம் என்றார்.

யாரோ மறுபடியாரைத் தூண்டிவிடுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த கூட்டத்தில் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள்.

பிடித்தும்விட்டாள். மறுபடியார் கண்டபடி கேட்பதில்லை. கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மேஜையின் தலைப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கிறார். உடனே, “மறுபடி ஒரு தடவை சொல்லுங்க.”

சைகை! கூட்டத்தில் கிளப்பிவிடுகிறவரும் தலைவர்தான், தனியே கூப்பிட்டு அலுத்துக்கொள்கிறவரும் தலைவர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

வீட்டில் சொன்னபோது கணவருக்கும் அப்படியே தோன்றியது.

“உன்னைக் கழட்டிவிட ரெண்டு பேரும் திட்டம் போடறாங்க. நீ முந்திக்கோ” என்றார்.

முந்திக்கொண்டாள். மறுபடியாரின் பதவி நீட்டிப்பு ஓட்டுக்கு வந்தபோது, வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பார்த்தாள், அவளுக்கு முன்பே தலைவரின் கை உயர்ந்திருந்தது. மற்றவர்களும் தூக்கினார்கள். மறுபடியார் போகவேண்டியதாயிற்று.

அவளுக்குத் தலை சுற்றியது. கூட்டாளியையே ஒருவன் கவிழ்ப்பானா? மனசு கேட்காமல் லிஃப்ட் வரைக்கும் மறுபடியாரின் பின்னாலேயே போனாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். தலைவர் கண்ணாடியைத் துடைச்சா நீங்க கேள்வி கேக்கறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஏற்பாடு?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவா பேசுங்கம்மா. ஏற்பாடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கே இது தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

“எது தெரியாது?”

“ஒரு விஷயம் புரியலேன்னா அவர் கண்ணாடியைத் துடைப்பார். தலைவர் நாற்காலில உக்காந்துக்கிட்டு எனக்குப் புரியலேன்னு வாய் திறந்து கேக்க முடியுமா? அதுக்காகப் புரியாம கையெழுத்துப் போடவும் விடக்கூடாது. அதான் அவருக்குப் பதிலா நான் கேட்டுடுவேன்.”

“உங்களை எல்லாரும் என்னென்ன பேசினாங்க…”

“பேசட்டுமே. மக்குன்னு பேர் வந்துட்டா இந்த வயசுல எனக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்களா?”

சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினார். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷனை வெளியே தள்ள, நானும் அல்லவா கையைத் தூக்கினேன்!

அடுத்த கூட்டத்துக்கு அதே கடன் புது நிபந்தனைகளோடு வந்தது. மறுபடியாரின் நாற்காலி காலி. டாலர் ஒரு அளவுக்குமேல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று அவள் மளமளவென்று சொல்லி முடித்தாள். பழையதைவிடச் சிக்கலான ஏற்பாடு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற இயக்குநர்கள் எழுந்து போகிற அவசரத்தில் இருந்தார்கள். தலைவர் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், அவள் உழைப்பு கரை சேர்ந்துவிடும். குறுக்கே கேட்க இனி ஆளில்லை.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள். “நான் சொன்ன விதம் எனக்கே சரியா படல. மறுபடி ஒரு தடவை சொல்லிடறேன்.”

தலைவர் பேனாவை மூடினார். துடைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“மறுபடியார் போனார், மறுபடியம்மா வந்துட்டாங்க! சரி, நிதானமாவே சொல்லுங்க மேடம். இங்க சில பேருக்குப் புரிஞ்சிருக்காது.”