லாவெண்டர் கொஞ்சம் தூக்கல்

"லாவெண்டர் கொஞ்சம் தூக்கல். மத்தபடி பிரமாதம்."

சொல்லிவிட்டு அவன் அடுத்த துண்டு ரொட்டிக்குக் கை நீட்டினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பதினொரு மணிக்குக் காபிக்கடைக்கார அம்மா ருசி பார்க்க வருகிறாள். பிடித்துவிட்டால் தினமும் முப்பது ரொட்டி, பத்து டப்பா பூண்டு வெண்ணெய். பிடிக்காவிட்டால் அந்த அம்மா மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். இவள் பழையபடி தையல் கம்பெனிக்குக் காஜா தைக்கப் போக வேண்டும்.

"ரோஸ்மேரி எப்படி இருக்கு?"

"அளவா இருக்கு. தைம் லேசா பின்னாடி வருது. வெண்ணெய்லயும் அதே மாதிரி. யாரு செஞ்சதுன்னு கேட்டா பிரான்சுக்காரன் செஞ்சான்னு சொல்லு, நம்பிடுவாங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. நெஜமா சொல்லுங்க."

"என் மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்டி."

சரியாகத்தான் இருக்கும். அவன் கேஸ் அடுப்பு மெக்கானிக். ஊரில் அவனுக்குப் பெயரே 'மோப்பம்'. மற்றவர்கள் ட்யூபில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். அவன் குனிந்து ஒரு மூச்சு இழுப்பான். எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லிவிடுவான். அவள் ரொட்டி போட ஆரம்பித்த ஆறு வருடத்தில் அவன் மூக்கைத் தாண்டாமல் ஒரு துண்டு வெளியே போனதில்லை. செய்த கை ருசி பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் வாயில் வைப்பதே இல்லை.

போன தடவை லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் எல்லாம் சேர்ந்த காய்ந்த பிரெஞ்சு இலைக் கலவையை அப்படியே மாவில் தூவி, பல்லில் மாட்டுகிறது என்று பேச்சு வாங்கினாள். இந்தத் தடவை கலவையை எண்ணெயில் ஒரு வாரம் ஊறப்போட்டு, வடிகட்டி, எண்ணெயை மட்டும் மாவிலும் வெண்ணெயிலும் சேர்த்திருந்தாள்.

"ஏங்க, அரை மணி நேரமா என்னமோ வாடை வருதே? புது ட்யூப் மாட்டினீங்களே, அதுவா?"

அவன் அடுப்பு மேடைக்குப் போய், குனிந்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"உன் வெண்ணெய்ல போட்ட பூண்டு. நான் மாட்டின ட்யூப் லீக்காகுமா? மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துத் தர்றியா?"

"ஜன்னலையாவது திறக்கட்டுமா?"

"சாரல் அடிக்குது. பிரெட் நமுத்துப் போச்சுன்னா என்னைச் சொல்லாத." பையைத் தோளில் மாட்டினான். "தெருக்கோடி விடுதியில சமையல்காரன் காலையிலேருந்து கூப்பிடறான். அங்கயும் வாடை வருதாம். முந்நூறு பிள்ளைங்க சாப்பாடு. மோந்து பாத்துச் சொல்லிட்டு வந்துடறேன்."

"சோப்புத் தண்ணி எடுத்துக்கலையா?"

"எதுக்கு, அடுப்பைக் குளிப்பாட்டவா போறேன்?"

சிரித்துக்கொண்டே போனான்.

பதினொன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. காபிக்கடைக்கார அம்மா.

"கிளம்பிட்டேன்மா. சூடா ஒரு காபி கிடைக்குமா?"

அவள் பாலை அடுப்பில் வைத்தாள். ரொட்டி வெந்து இறங்கிய பிறகுதான் அவன் புது ட்யூப் மாட்டினான். அதற்கப்புறம் அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டே காபித்தூள் டப்பாவுக்காக மேல்தட்டைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

தட்டில் ஒரே மாதிரி இரண்டு எண்ணெய் பாட்டில்கள். இலை ஊறிய எண்ணெய் எது என்று தெரிவதற்காக ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். சிவப்பு நூல் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. வெறும் எண்ணெய் பாட்டில் பாதி காலி.

காலையில் மாவு பிசையும்போது சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று அவன் கத்தினான். ஓடிப்போய்த் தைத்துக் கொடுத்துவிட்டு வந்து, அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பாட்டிலைச் சாய்த்தாள். வெண்ணெய்க்கும் அதே பாட்டில்தான்.

'ஐயோ, ஆர்டர் போச்சே!' முதலில் அதுதான் தோன்றியது. ரொட்டியில் ஓர் இலையின் வாசம்கூட இல்லை. வெண்ணெயிலும் இல்லை.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அவன் எந்த லாவெண்டரைச் சொன்னான்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தான். போன வாரம் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "செய்தியில மூழ்கிட்டேன்டி" என்றான். அவளும் நம்பினாள்.

லைட்டர் கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் பொத்தான்மேல் இருந்தது. பூண்டு வாடை முன்பைவிடக் கனமாக இருந்தது. அது பூண்டு இல்லை.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரை மேடைமேல் வைத்தாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, மழையில் நின்று அவன் நம்பரை அழுத்தினாள்.

எடுத்தது விடுதிச் சமையல்காரன்.

"அண்ணன் போனை இங்க வச்சுட்டுக் கை கழுவப் போயிருக்காருக்கா. வாடை வருதேன்னு நாங்கதான் சும்மா பயந்துட்டோம். அண்ணன் மோந்து பாத்து ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு. அவரு மூக்குக்கு மேல என்னக்கா இருக்கு? ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, பெரிய அடுப்பைப் பத்தவச்சிட்டு வந்து பேசறேன்."