ஒரு நாள் குறைகிறது

"நூறு நாள் வேலை பார்த்திருந்தாத்தான்மா பிரசவ லீவு. உங்களுக்குத் தொண்ணூத்தொன்பதுதான் காட்டுது" என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார், புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேனேஜர்.

எதிர் நாற்காலியில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள் அவள்.

"நாளையிலேருந்து படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் சார். நீங்களே எண்ணிப் பாருங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து பத்தாம் தேதி வரைக்கும் எத்தனை நாள்?"

மேனேஜர் விரல் விட்டு எண்ணினார். "பத்து."

"பத்துலேருந்து ஒண்ணைக் கழிச்சா ஒன்பதுதானே வரும்? இந்த ப்ரோகிராம் அப்படிக் கழிச்சுத்தான் பார்க்குது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கணக்குலயே வரலை."

மேனேஜருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அப்ப ஆபீஸ்ல எல்லாருக்கும் இப்படித்தானா? எந்த மகானுபாவன் எழுதினது இதை? தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, உடனே லீவு தரேன். ஆனா அந்த ஆள் மேல நடவடிக்கை எடுக்காம விடமாட்டேன்!"

அவள் மேஜைமேலிருந்த தாளை இழுத்து நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"நீங்க எதுக்கும்மா கையெழுத்துப் போடறீங்க?"

"இங்கே சேர்ந்ததும் நான் எழுதின முதல் ப்ரோகிராம் சார் அது."

தாளை வாங்கிப் படித்த மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நடவடிக்கை சார்?" என்றாள் மெதுவாக.

"போய் முதல்ல அந்த ப்ரோகிராமைத் திருத்துங்க. அப்புறம் நேரா வீட்டுக்குப் போய்ப் படுங்க. அதுதான் நடவடிக்கை!"