இரண்டும் பச்சை

மனிதன் படைத்தவற்றில் பாரபட்சம் அறியாதது சல்லடை ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் யார் தங்கலாம், யார் கிளம்பலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அந்த இயந்திரத்துக்குக் கேள்விகள் எழுதித் தந்த சபாநாயகம் மேடைதோறும் அப்படித்தான் முழங்குவார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் அது அவரையே சலித்தது.

"கிளம்பலாம் சார்," என்றாள் நர்ஸ் எழிலரசி, சல்லடையின் திரையைப் பார்த்து. "ஒரு பிள்ளை இதே ஊர்ல இருக்கார். ஒரு பிள்ளை பாத்துக்கறேன்னு சம்மதிச்சிருக்கார். ரெண்டும் பச்சை."

"ஊர்ல இருக்கறவன் மூத்தவன்மா. அவன் என்னோட பேசறதே இல்ல. சம்மதிச்சவன் கனடால இருக்கான். ரெண்டும் ஒரே பிள்ளையா இருக்க வேணாமா?"

"அப்படிக் கேள்வியில இல்லையே சார்."

இருந்தது. நீளம் என்று வெட்டியவர் அவர்தான். அதற்கு விருதும் வாங்கியிருந்தார்.

ஓட்டுநர் இல்லாத வண்டி அவரை மூத்தவன் வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. கதவு திறக்கவில்லை. கதவோர ஒலிபெருக்கியில் மூத்தவன் குரல் மட்டும் வந்தது.

"பாத்துக்கறேன்னு சொன்னது தம்பிதானே? அவன்கிட்டயே போங்க."

சபாநாயகம் நடைவண்டியை இறுகப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, விருது வாங்கப் போனபோது நடந்த அதே நடையில் தெருவை நோக்கித் திரும்பினார். எதிர் வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வெளியே வந்திருந்தார்கள்.

"சல்லடை சார்தானே அது?" என்றார் ஒருவர்.

அவர் தலையைத் திருப்பாமல் அவர்களைக் கடந்து போனார்.

அவர் உடுத்தியிருந்த ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் கிடையாது.