கேட் நோட்டு

“படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப வந்து வேணாம்னா எப்படிம்மா?”

கேட்டவர் தத்துவப் பேராசிரியர் சந்திரமோகன். மனம், கணினி, மருத்துவ அறம் என்று மூன்றிலும் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதியவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் தலையில் மாட்டும் புது ஹெல்மெட் நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல, சென்னையிலிருந்து அழைத்திருந்தார்கள். வேலையில் கவனம் சிதறினால் அந்த ஹெல்மெட் கண்டுபிடித்து, மேனேஜர் கம்ப்யூட்டரில் சிவப்பு காட்டும்.

“ஃபாரம் இங்கிலீஷ்ல இருந்துச்சு சார்,” என்றாள் மெர்சி. “புள்ளைக்கு ஜொரம், அத்தயே நெனச்சிக்கினு இருந்தேன். ரெண்டு சிவப்பு வந்துடுச்சு. இன்னொண்ணு வந்தா வேலை பூடும்.”

“கையெழுத்துன்னா சம்மதம். என் புத்தகத்துலயே எழுதியிருக்கேன்.” கேட்டில் கொடுத்த ஹெல்மெட்டைச் சரிசெய்தபடி, பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் ‘கீ’ என்று கத்தியது. சிவப்பு!

மேனேஜர் அன்புச்செல்வன் மெர்சியை முறைத்தார். பாவம், அவள் ஹெல்மெட் மேசைமேல் கிடந்தது.

“நம்பர் நாப்பத்தெட்டு... சார், அது உங்க தலையில இருக்கு. இருபது நிமிஷத்துல பதினேழு நிமிஷம் நீங்க கவனிக்கவே இல்லையாம்.”

பேராசிரியர் துள்ளி எழுந்தார். “என்னைக் கேக்காம என் மனசை எட்டிப்பாக்க நீங்க யாரு?”

மேனேஜருக்கே ஒன்றும் புரியவில்லை. வாட்ச்மேன் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் பவ்யமாக, உள்ளே வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் கேட் நோட்டைப் பிரித்துக் காட்டினார். ‘இந்த ஹெல்மெட் என் மனதைப் பார்க்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே, பேராசிரியரின் கையெழுத்து.

“இதையெல்லாம் யாருய்யா படிச்சுக்கிட்டு இருப்பா?” என்று கத்தியவர், மெர்சியைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதி வைத்திருந்த தீர்ப்பை அடித்துவிட்டு, ‘படிக்காமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது, ஹெல்மெட்டுகளை எடுத்துவிடவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே காரில் ஏறினார்.

ஷிப்ட் முடிந்து மெர்சி கேட்டுக்கு வந்தாள். “ஏன் நைனா, வெளியாளுங்களுக்குக் குடுக்கற ஹெல்மெட்ல மிஷினே இருக்காதே?”

“இன்னிக்கு மாத்திக் குடுத்தேன். அந்த வரியும் காத்தால நான் எழுதுனதுதான்,” என்றார் ஆசீர்வாதம், மகளின் சாப்பாட்டுப் பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டியபடி. “இருவது வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன்மா, எவ்ளோ பெரிய படிப்பு படிச்சவரும் இந்த நோட்டைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டதில்ல.”