மூன்றாம் ஃபேனின் மதியத் தூக்கம்

"ஃபேன் பாக்குற ரெங்கசாமி தூங்குறான், சேர். ஃபேனை நிப்பாட்டிட்டுத் தூங்குறான். வேற என்ன?"

தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வீரசிங்கம் மடிக்கணினித் திரையைக் குத்திக் காட்டினார்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அது. கொழுந்து வாட்டும் மூன்றாம் ஃபேனில், பதுளையிலிருந்து வந்த பொறியியலாளர் கீர்த்திகன் போன வாரம் ஒரு சென்சரை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு வார அதிர்வும் இப்போது திரையில் கோடாக ஓடியது.

"இந்தக் கூர்முனைகளைப் பாருங்கோ. ஒரே இடைவெளியில வருது. பேரிங்கின்ர வெளி வளையத்தில வெடிப்பு. மாத்தத்தான் வேணும்," என்றான் கீர்த்திகன்.

"அது கிடக்கட்டும். இந்த இடம்?"

அங்கே கோடு நேராகப் படுத்திருந்தது. தினமும் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை அசைவே இல்லை.

"கொழுந்து கெட்டா எனக்குத்தான் பேச்சு. இன்னையோட அவனுக்கு வேலை இல்ல. வாங்க, கையோட பிடிப்போம்."

மணி ஒன்று. மாடி ஏறினார்கள். ஜன்னல் வழியே நுழைந்த பனிமூட்டம் பரப்பிய கொழுந்தின் மேல் தவழ்ந்தது. மூன்றாம் ஃபேன் நின்றிருந்தது. ரெங்கசாமி தூங்கவில்லை. கொழுந்தைக் கையாலேயே புரட்டி உதறிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா நிப்பாட்டினே?" வீரசிங்கம் கத்தினார்.

ரெங்கசாமி பதறி, உதட்டில் விரல் வைத்தான். "மெதுவாங்க, ஐயா."

ஜன்னலுக்குப் பத்தடி தள்ளிப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலையில் கொழுந்தெடுக்க, பிள்ளைகள் சேலைத் தொட்டில்களில் உறங்கின. ஒரு தொட்டிலைப் பிடித்தபடி ஆயா ஜெயலெட்சுமியும் கண்ணயர்ந்திருந்தாள்.

"மத்த ஃபேனுங்க தாலாட்டு மாதிரிங்க. இது கீச்சுனு கத்தினா ஒரு புள்ள தூங்காது. அதுக்குப் பதிலா காலையில முந்தி வந்து ஓட்டிடுறேன்."

"பொய்!"

கீர்த்திகன் கையோடு கொண்டுவந்த மடிக்கணினியைப் பார்த்தான். "பொய் இல்லை. ஆறு மணிக்கு ஓடவேண்டியது, எல்லா நாளும் நாலரைக்கே ஓடியிருக்கு."

"என்னை நிப்பாட்டினாலும் பரவால்லைங்க, ஐயா. பேரிங்கை மட்டும் மாத்திருங்க."

"இதை முந்தியே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?" வீரசிங்கம் சீறினார்.

ரெங்கசாமி சுவரில் தொங்கிய குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கீர்த்திகனிடம் நீட்டினான்.

நான்கு மாதமாக, வாரம் தவறாமல், ஒரே வரி: 'மூணாம் ஃபேன் பேரிங் கத்துது.'

ஒவ்வொரு வரிக்கும் கீழே, 'பரிசோதித்தேன், குறை இல்லை' என்று வீரசிங்கத்தின் கையெழுத்து.